வேதாரண்யத்துக்கு ஜெய்சால்மர் வீடு எதற்கு?



உங்கள் கடிதமும் அதனுள் மடித்து வைத்திருந்த பென்சில் வரைபடமும் வந்து சேர்ந்தன. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. பதிலை மட்டும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். இதே கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயர்களோடு எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஐந்து சென்ட் மனை. கையில் இருக்கும் பணத்துக்கு 600 சதுர அடியைத் தாண்ட முடியாது. ஏதோ ஒரு காணொளியில் ஜெய்சால்மர் பக்கத்து வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றரை அடி கனத்தில் சுவர், முழம் அகலத்தில் ஜன்னல். வெளியே 43 டிகிரி கொளுத்தும்போது உள்ளே ஃபேன்கூடப் போடாமல் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அதே மாதிரி மண்சுவர் எழுப்பிவிட்டால் ஏசி வாங்காமல் காலத்தை ஓட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். காணொளி பொய் சொல்லவில்லை. அது நல்ல வீடுதான், ஜெய்சால்மரில் நிற்கிறவரைக்கும்.

கனமான சுவர் எதையும் குளிரவைப்பதில்லை. பகல் முழுக்க அடிக்கிற வெயிலை வாங்கித் தனக்குள் வைத்துக்கொண்டு, உள்பக்கம் தருவதைத் தள்ளிப்போடுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஆறேழு மணி நேரம் தள்ளிப்போடும். ஒன்றரை அடிக் கல்லோ மண்ணோ என்றால் பத்து மணி நேரம் வரை போகும். வாங்கியதை எப்போதாவது விட்டுத்தான் ஆக வேண்டும். தார் பாலைவனத்தில் காற்றில் ஈரம் இல்லை, மேகமும் இல்லை. பொழுது சாய்ந்ததும் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. மே மாதத்தில் பகல் 41, 42 என்றால் விடியற்காலை 26-ஐ ஒட்டி இறங்கிவிடும். அந்தப் பதினைந்து டிகிரி இறக்கத்தில்தான் சுவர் தன் சூட்டைக் கழிக்கிறது. காணொளிக்காரர்கள் பகல் இரண்டு மணியைத்தான் படம்பிடித்திருப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு அதே வீட்டின் கட்டில்கள் எங்கே கிடக்கின்றன என்று காட்டியிருந்தால் உங்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். மொட்டை மாடியில் கிடக்கும். சுவர் சூட்டை உள்ளே விடுகிற நேரத்தில் அந்த ஊர்க்காரர்கள் உள்ளே இருப்பதில்லை.

உங்கள் ஊரில் மே மாத இரவு 27-ஐ விட்டு அதிகம் கீழே இறங்காது. ஐப்பசி கார்த்திகையில் பகலுக்கும் இரவுக்கும் ஐந்தாறு டிகிரிதான் வித்தியாசம். எப்போதும் காற்றில் கடலின் ஈரம். கனத்த மண்சுவர் பகலில் வாங்கியதை விட்டுத் தீர்ப்பதற்குள் மறுநாள் வெயில் வந்துவிடும். நேற்றைய பாக்கியின் மேல் இன்றைய சூடு ஏறி உட்காரும். சின்ன ஜன்னலோ, உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற கடற்காற்றை வெளியிலேயே நிறுத்திவிடும். வியர்வை ஆவியாவதால்தான் உடம்பு குளிர்கிறது. ஈரக் காற்றில் வியர்வை ஆவியாக வேண்டுமென்றால் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் வீட்டின் முதல் வேலை அந்த ஓட்டத்துக்கு வழிவிடுவது.

வட இந்தியாவில் வீட்டுக்கு வீடு உறுமுகிற ஏர் கூலரை நம் கடலோர ஊர்களிலும் தவணைக்கு வாங்கி வைத்திருக்கிறோம். வறண்ட காற்றில் தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டைக் குறைக்கிற பெட்டி அது. ஏற்கனவே ஈரமாக இருக்கிற காற்றில் இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்த்து, நம்மைப் பிசுபிசுவென்று உட்காரவைக்கும். வீட்டு வரைபடத்தை இரவல் வாங்குவதும் அப்படித்தான் முடியும்.

ஆகவே வீடு கட்டப் போகிறவர்களிடம் நான் கோடைப் பகலைப் பற்றிக் கேட்பதில்லை. இரவு எத்தனை டிகிரி, காற்றில் ஈரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, இந்த மூன்றைக் கேட்கிறேன். இவை மாறினால் வீடும் மாறித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு மாறும் என்பதற்கு லடாக்கைப் பாருங்கள். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவு மைனஸ் 14, 15 வரை போகும். ஆனால் வானம் பெரும்பாலும் தெளிவு, வெயில் தாராளம். லேயிலிருந்து கொஞ்ச தூரத்தில் பே என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் செக்மோல் வளாகம் இருக்கிறது. சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் 1988-ல் தொடங்கிய கல்வி அமைப்பு. கட்டடத்தின் தெற்கு முகம் கண்ணாடி. மற்றப் பக்கங்களில் இடித்துக் கெட்டித்த கனத்த மண்சுவர். குளிர்காலத்தில் தெற்கே பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிடுவார்கள், கோடையில் கழற்றிவிடுவார்கள். டிசம்பர் நடுப்பகலில் அங்கே சூரியன் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், எனவே வெயில் அறையின் உள்கோடி வரை போய் விழும். ஜூனில் 79 டிகிரிக்கு ஏறிவிடுவதால் கூரை விளிம்பே அதை மறித்துவிடும். வெளியே மைனஸ் 15 ஆக இருக்கும்போதும் விறகு எரிக்காமல் உள்ளே 14 டிகிரியை ஒட்டி நிற்கிறது என்கிறார்கள். அதே மண்சுவர்தான். ராஜஸ்தானில் அது பகல் சூட்டைத் தள்ளிப்போடுகிறது, லடாக்கில் பகல் வெயிலை இரவுக்கு எடுத்துவைக்கிறது. வேதாரண்யத்தில் அதற்கு வேலையே இல்லை.

ஜெர்மனியில் வேறு கதை. டார்ம்ஸ்டாட் நகரத்தில் 1991-ல் மக்கள் குடியேறிய, வரிசையாக ஒட்டிக் கட்டிய நான்கு வீடுகளிலிருந்து ‘பாசிவ் ஹவுஸ்’ என்ற முறை உலகம் முழுக்கப் பரவியது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் சூடேற்றச் செலவாகக் கூடாது என்பது அதன் கணக்கு. சுவரைச் சுற்றிக் கனமான வெப்பத்தடை, மூன்று அடுக்குக் கண்ணாடி, காற்று கசிய ஒரு கீறல்கூட இல்லாத கட்டு. உள்ளே போகும் காற்றும் வெளியே வரும் காற்றும் ஒரு கருவிக்குள் சூட்டை மாற்றிக்கொள்ளும். குளிர் நாட்டுக்கு அருமையான ஏற்பாடு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சிலர் அதை அப்படியே சென்னைக் கடற்கரையில் இறக்கப் பார்க்கிறார்கள். நாள் முழுக்க ஏசி ஓடுகிற வீட்டுக்கு அதில் நியாயம் உண்டு. ஃபேனை நம்பி வாழ்கிற வீட்டை அப்படி அடைத்துவிட்டால், பிறகு ஏசி இல்லாமல் அதற்குள் இருக்கவே முடியாது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் நீலகிரியிலேயே தோடர் குடில் இருக்கிறது. பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த வடிவம், மூங்கிலும் பிரம்பும் புல்லும், மூன்றடி உயர வாசல். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உள்ளே மனிதர்களும் அடுப்பும் உண்டாக்குகிற சூடு வெளியேறாதபடி வாசலைச் சுருக்கியிருக்கிறார்கள். அந்த வாசலை உங்கள் ஊரில் வைத்தால் ஒரு ராத்திரி தாங்காது.

இந்த வித்தியாசத்தை மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு ஒரு சின்னக் கணக்காகவே சொல்லிவிட்டது. 2018-ல் வந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பு நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. உள்தரைப் பரப்பில் எத்தனை பங்கு திறக்கக்கூடிய ஜன்னலாகவும் கதவாகவும் இருக்க வேண்டும் என்று மண்டலத்துக்கு மண்டலம் ஓர் அளவு வைத்திருக்கிறது. வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம் கடலோரத்துக்கு ஆறில் ஒரு பங்கு. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒன்று. குளிர் பகுதிக்குப் பன்னிரண்டில் ஒன்று. நீங்கள் பார்த்த வீட்டுக்கும் நீங்கள் கட்ட வேண்டிய வீட்டுக்கும் உள்ள தூரம் இதிலேயே தெரிகிறது. ஒரே குறை, 2018-ல் இந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் வைக்கப்பட்டது. உங்களுடையது 200-தான் தேறும். சூட்டில் அதிகம் தவிக்கிற சின்ன வீடு சட்டத்தின் கண்ணில் விழுவதே இல்லை. ஆனால் சட்டம் கேட்காவிட்டாலும் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். உள்ளே 600 சதுர அடி என்றால் 100 சதுர அடி திறப்பு. நாலுக்கு நாலு ஜன்னல் ஆறு வைத்து, வெளியே திறக்கிற கதவு ஒன்றையும் சேர்த்தால் தாண்டிவிடும். ஸ்லைடிங் ஜன்னல் மட்டும் வைத்துவிடாதீர்கள். அதில் எப்போதும் பாதி மூடித்தான் இருக்கும், நீங்கள் காசு கொடுத்த ஆறு ஜன்னல் மூன்றாகிவிடும். கீல் வைத்து முழுக்கத் திறக்கிற பழைய மாதிரியே நல்லது.

ஜன்னல் இருந்தால் மட்டும் காற்று வராது. உள்ளே வந்தது வெளியே போக எதிர்ப்பக்கம் வழி இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்துப் பழைய வீடுகளில் தெருவில் நின்று பார்த்தால் திண்ணை, ரேழி, முற்றம், கூடம் எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லைக் கிணறு தெரியும். அந்த நேர்கோடுதான் காற்றின் பாதை. உங்கள் வரைபடத்தில் அந்தக் கோட்டின் நடுவில் குளியலறைச் சுவர் வந்து நிற்கிறது, நகர்த்துங்கள். முற்றம் வைக்க ஆசைப்பட்டிருக்கிறீர்கள். செட்டிநாட்டு வளவையும் கேரளத்து நாலுகெட்டையும் பார்த்த யாருக்கும் அந்த ஆசை வரும். 600 அடியில் எட்டுக்கு எட்டு முற்றம் போனால் மிஞ்சுவது நடைபாதை மட்டுமே. அந்த இடத்தைக் கிழக்கிலும் தெற்கிலும் தாழ்வாரமாகப் போடுங்கள்; கடலும் அந்த இரண்டு பக்கமும்தானே. கோடைப் பிற்பகலில் கடற்காற்று அங்கேதான் வந்து சேரும்.

சூரியனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக் கட்டுமானப் புத்தகங்கள் பல டெல்லியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வடக்குச் சுவரில் நடுப்பகல் வெயில் படாது, அங்கே தாராளமாக ஜன்னல் வைக்கலாம், சன்ஷேட் தேவையில்லை என்று அவை சொல்லும். டெல்லிக்கு உண்மை. வேதாரண்யம் 10 டிகிரி அட்சரேகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் 17 வாக்கில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, அதைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 26 வாக்கில்தான் திரும்பும். கத்திரி வெயிலும் ஆனி ஆடியும் அந்த நான்கு மாதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே வடக்கு ஜன்னலுக்கும் ஒன்றரை அடி சன்ஷேட் வேண்டும். மேற்குக்குச் சன்ஷேட்டால் பெரிய பயன் இல்லை. மாலை நான்கு மணி வெயில் ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் வரும். நான்கடி ஜன்னலை அதிலிருந்து முழுக்க மறைக்க ஏழடி நீளத்துக்குச் சன்ஷேட் நீட்ட வேண்டியிருக்கும். அதைவிட மேற்கே மாடிப்படியையும் குளியலறையையும் தள்ளிவிட்டு, வெளியே இரண்டு வேப்பங்கன்று நடலாம். இதற்கெல்லாம் கூடுதல் செலவு எதுவும் இல்லை, வரைபடத்தில் ரப்பர் வைத்து அழிப்பதோடு முடிந்துவிடும்.

இனி கூரை. உங்கள் பணத்தில் ஒரு பகுதியை எங்கேயாவது கூடுதலாகப் போட வேண்டும் என்றால் அங்கேதான்.

ஓடு போடலாமா என்று பயந்துகொண்டே கேட்டிருக்கிறீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் உங்கள் ஊர் வழியாகத்தான் கரையேறியது. அன்று பறந்த ஓட்டையும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டையும் பார்த்த மனிதரிடம் ஓட்டுக்கூரையின் குளிர்ச்சியைப் பற்றிப் பேசுவது எனக்கு நாகரிகமாகப் படவில்லை. கான்கிரீட் தளம் கேட்கிற ஏழைகளை ‘பாரம்பரியம் தெரியாதவர்கள்’ என்று உச்சுக்கொட்டும் கட்டடக் கலைஞர்கள் ஒரு புயலையாவது கூரையடியில் இருந்து பார்த்திருக்க வேண்டும். தளம் போடுங்கள். ஆனால் வெறும் தளமாக விடாதீர்கள்.

வெறும் தளம் என்ன செய்கிறது என்று தோராயமாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம், இரண்டு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்றரை வாட் சூட்டை உள்ளே விடும். உங்கள் தளம் 56 சதுர மீட்டர். மே மாத வெயிலில் அதன் மேல்புறம் 60 டிகிரியைத் தொடும். அறை 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் ஐயாயிரம் வாட்டைத் தாண்டுகிறது. ஐந்து இஸ்திரிப்பெட்டிகளைச் சூடேற்றி உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டது போல. இந்தச் சூடு உள்ளே வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதனால்தான் நீங்கள் வேலை முடிந்து வந்து உட்காருகிற நேரத்தில் விட்டம் அனலடிக்கிறது, ஃபேன் அந்த அனலைக் கீழே தள்ளுகிறது.

இதைக் குறைக்க இரண்டு வழி, இரண்டையும் சேர்த்தே செய்யலாம். ஒன்று, வெயிலை வாங்காமல் திருப்பி அனுப்புவது. பழைய கான்கிரீட் பரப்பு வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு முக்கால் பங்கு வரை திருப்பும். கூல் ரூஃப் பெயிண்ட் வாங்கினாலும் சரி, சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து நீங்களே அடித்தாலும் சரி. மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும், எனவே ஆண்டுதோறும் பங்குனியில் தேய்த்துக் கழுவி மறுபடி அடிக்க வேண்டும். இரண்டாவது, நடுவில் தடை வைப்பது. தளத்தின் மேல் ஓர் அங்குலக் கெட்டித் தெர்மோகோலோ எக்ஸ்பிஎஸ் பலகையோ பரப்பி, அதன் மேல் கலவை போட்டு வெள்ளை ஓடு பதித்தால் அந்த மூன்றரை வாட் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நான் சொன்ன விதித்தொகுப்பு கூரைக்கு வைத்திருக்கும் உச்சவரம்பும் 1.2 தான். வெள்ளையும் தடையும் சேர்ந்தால் ஐயாயிரம் வாட் எழுநூறு, எண்ணூறுக்கு இறங்கும்.

நம் தாத்தாக்கள் தெர்மோகோல் இல்லாமலே இதில் பாதியைச் செய்திருந்தார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். அடிக்கிற ஆள் இப்போது கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கூலி கட்டாது. ஒருவேளை உங்கள் பகுதியில் அந்த வேலை தெரிந்த மேஸ்திரி யாராவது இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

பணமே இல்லை என்றால் மாடியில் கீற்றுக் கொட்டகை போடலாம், நிழலைவிட மலிவான வெப்பத்தடை கிடையாது. ஆனால் புரட்டாசி முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும், கஜாவை மறக்கக் கூடாது. சோலார் தகடு வைத்தாலும் தளத்தில் நிழல் விழும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் இருக்கிறது. கடலோரக் காற்றுக்கு ஏற்றபடி தகட்டைத் தாங்குகிற சட்டத்தைத் தளத்தில் இறுக்கிப் பொருத்துகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

தமிழக அரசு 2030-க்குள் எட்டு லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கப் போவதாக அறிவித்திருக்கிறது. கலைஞர் கனவு இல்லம்: ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 அடிக்குக் கான்கிரீட் தளம். புயலுக்கும் தீக்கும் பயந்து வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் கீற்றுக்கூரையின் கீழ் இருந்தவர்கள் முதல் சித்திரையிலேயே திண்ணைக்கு வந்து படுப்பார்கள். தளத்துக்கு ஒரு வெள்ளைப் பூச்சையும் மதிப்பீட்டிலேயே கட்டாயமாக எழுதிவிட்டால் என்ன என்று நான் பார்க்கிற பொறியாளர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறார்கள்.

சுவருக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. கூரைக்கும் ஜன்னலுக்கும் கொடுத்தது போக மிஞ்சுகிற பணத்தில் சுவர் எழுந்தால் போதும். மண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், மண்கட்டி வீடுகள் நிற்கிற ஆரோவில்லும் கடலுக்குப் பக்கம்தானே என்று நீங்கள் திருப்பிக் கேட்கக்கூடும் என்பதால். அங்கே காலடியில் செம்மண். அழுத்திச் செய்கிற மண்கட்டிக்குப் பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, கொஞ்சம் வண்டலும் சரளையும் கலந்த மண் வேண்டும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் சேர்த்து அழுத்தினால் அருமையான கட்டி. உங்கள் மனையில் கிடப்பது உப்பேறிய மணல். செம்மண்ணை லாரியில் வரவழைத்தால் மலிவும் போயிற்று, பசுமையும் போயிற்று. உப்பும் நிலத்து ஈரமும் மண்சுவரை என்ன செய்யும் என்பதற்கு எகிப்தில் லக்சோருக்கு எதிர்க்கரையில் ஹசன் பாத்தி 1940-களில் எழுப்பிய புதிய குர்னா கிராமம் சாட்சி. உலகமே கொண்டாடிய மண்வீடுகள். கீழிருந்து ஈரம் ஏறி அரித்ததில் பல வீடுகள் போய்விட்டன. அந்த ஊர் மக்களும் அங்கே குடிபோக மனமில்லாமல்தான் இருந்தார்கள் என்பது தனிக்கதை.

உங்களுக்கு நான் காட்ட விரும்பும் ஆள் லாரி பேக்கர். பர்மிங்காமில் பிறந்தவர்; பித்தோரகரில் இமயமலைச் சரிவில் பல ஆண்டுகள் வாழ்ந்து, அங்கே மலைக்காரர்களைப் போலவே கல்லையும் மரத்தையும் வைத்துக் கட்டினார். பிறகு திருவனந்தபுரத்துக்கு வந்தபோது அந்தக் கல்வீட்டைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிக் காற்று நுழைகிற ஜாளிச் சுவர்களைக் கட்டினார். அங்கே உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள், ரயில் செலவு வீண்போகாது. அவருடைய இரண்டு உத்திகளை உங்கள் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். செங்கலைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து நடுவே பொந்து விட்டுக் கட்டுகிற எலிப்பொறிக் கட்டு: ஒன்பது அங்குலச் சுவரில் கால்வாசிச் செங்கல் மிச்சம், பொந்தில் இருக்கும் காற்று சூட்டுக்குத் தடை. அளவு பிசகாத செங்கலாக இருக்க வேண்டும். கோணல் மாணலான நாட்டுச் செங்கலில் சரியாக வராது. இன்னொன்று, தளத்தின் அடிப்பகுதியில் வேலை செய்யாமல் சும்மா கிடக்கிற கான்கிரீட்டுக்குப் பதில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதிக்கிற ஃபில்லர் ஸ்லாப். கான்கிரீட்டும் சென்ட்ரிங் மேல் ஏறுகிற பாரமும் குறையும். கம்பி அமைப்பை ஒரு பொறியாளர் வரைந்து கொடுக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஜாளியை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். வடகிழக்கு மழை சாய்ந்து அடிக்கிற ஊர் உங்களுடையது, அந்தப் பக்கம் ஜாளி வைத்தால் கூடத்தில் தண்ணீர் நிற்கும். தெற்கே தாழ்வாரத்துக்குள் ஒடுங்கி இருக்கட்டும், பின்னால் கொசுவலை அடித்துவிடுங்கள்.

கட்டுமானப் பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை பேக்கர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் மனையைச் சுற்றி ஐந்து மைல் வட்டம் போட்டால் உப்பும் மணலும் கடலும்தான் அகப்படும். ராஜாஜி 1930-ல் அங்கே உப்பு அள்ளியதோடு அந்த ஊர் காந்திக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்திவிட்டது. வீட்டு விஷயத்தில் விலக்குக் கொடுத்துவிடலாம். உப்பைக் கண்டு ஓடுவதுதான் அங்கே கட்டுமானத்தின் பாதி. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கான்கிரீட் கலக்க விடாதீர்கள், கடல்மணலைச் சல்லிசாகத் தருகிறேன் என்று யார் வந்தாலும் வாங்காதீர்கள். கம்பி துருப்பிடித்து வீங்கினால் தளம் பெயர்ந்து விழும். அதன் பிறகு எந்தச் சிக்கனமும் சிக்கனமில்லை.

இத்தனையும் செய்தாலும் மே மாதத்தில் உள்ளே குளிரடிக்காது. வெளியே இருக்கிற நிழலின் சூடுதான் உள்ளேயும் இருக்கும். அதற்குக் கீழே இறக்க இயந்திரம் வேண்டும். ஆனால் கூரை அனலடிக்காமல், காற்று ஓடுகிற அறையில் ஃபேன் சுற்றினால் உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போலத் தெரியும். பெரும்பாலான இரவுகளுக்கு அது போதும். சாதாரண ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டை ஒட்டி. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் ஆண்டுக்கு 190 யூனிட்டுக்கு மேல் மிச்சம். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. மூன்று ஃபேனையும் மாற்றிவிட்டால் அந்த நூறைச் சுற்றியே உங்கள் கணக்கு நிற்கலாம். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் இருப்பதால் ஓர் அறைக்காவது ஏசி வேண்டியிருக்கும் என்று கடிதத்தின் கடைசி வரியில், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல எழுதியிருந்தீர்கள். வையுங்கள். கிழக்குப் பக்க அறையில் வையுங்கள், அந்த ஓர் அறையின் கதவுக்கும் ஜன்னலுக்கும் மட்டும் இடுக்கில்லாமல் ரப்பர் ஒட்டிவிடுங்கள். தடை போட்ட கூரையின் கீழே ஒரு டன் ஏசிகூட அந்த அறைக்கு அதிகம்தான்.

வரைபடத்தில் வடக்கு எது என்று குறிக்கவில்லை. கிழக்குப் பக்கத்து மனை காலியா, மாடி வீடா என்றும் தெரியவில்லை. மாடி வீடாக இருந்தால் நான் சொன்ன தாழ்வாரத்துக்குக் காற்று வராது, வேறு வழி பார்க்க வேண்டும். சாலை மட்டத்திலிருந்து மனை எவ்வளவு பள்ளம், கஜாவின்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்பதையும் எழுதுங்கள். கடைக்கால் தோண்ட ஆள் சொல்வதற்கு முன்னால் அனுப்பினால் நல்லது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்